அட்டைக்கு வைத்த உப்பு

போன மாதம் குமுளியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கூத்து நடந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் மருந்துக்கடைப் பை, பைக்குள் புத்தம் புதிய பிரஷர் மிஷின். பஸ் கிளம்புவதற்குள் பெட்டியைப் பிரித்து, ஒருத்தி கையில் பட்டையைச் சுற்றியாகிவிட்டது. மிஷின் பாட்டுக்கு உறுமுகிறது, பஸ் பாட்டுக்கு ஆடுகிறது, இவள் பாட்டுக்கு நாத்தனாரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள்.

"நூத்தி அறுபத்தெட்டு!" என்று அலறினாள்.

"அடியாத்தி, குடு இங்க" என்று மற்றவள் பிடுங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் "எனக்கு நூத்தி முப்பத்தி நாலுதான்" என்று பரிசு வாங்கியவள் மாதிரி சிரித்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தாயி, நாத்தனாரைத் திட்டிக்கிட்டே பாத்தா அது உன் பிரஷர் இல்ல, உன் நாத்தனாரோட பிரஷரு" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீங்கள் யார் என்று கேட்டார்கள். ரிட்டயர்டு நர்ஸ் என்றேன். அவ்வளவுதான், பாதி வழி வருவதற்குள் பத்துக் கைகள் என் முன்னால் நீண்டுவிட்டன. கண்டக்டர் கையும் அதில் ஒன்று.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் இந்தப் பட்டையைச் சுற்றவிடாமல் ஓடிய ஜனங்கள் இவர்கள். அந்தக் கதையை யாராவது எழுதியிருக்கிறார்களா என்றால் இல்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஞானம்மா. சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் தேயிலைக் கொழுந்து எடுத்தார்கள், நான் நர்சிங் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தூக்கம் வந்தது, விடுதிச் சாம்பார் பிடிக்கவில்லை, எப்படியோ பாஸானேன். எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, கடைசியில் சொந்த ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார மையத்துக்கே மாற்றலாகி வந்தேன். அங்கேதான் நாச்சிமுத்து டாக்டர் இருந்தார்.

டாக்டர் பாலக்காட்டின் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்துக்காரர். தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள குடும்பம். கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரி எல்லோருக்கும் 'ங்க' போடுவார். கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது கூட "சித்தெ பொறுத்துக்கோங்க கண்ணு" என்பார். வாசலில் படுத்திருக்கும் நாயை "அக்கட்டால போங்க" என்று அவர் அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்துத் தமிழோ 'ஏலே', 'வாலே' என்று மேலே விழுந்து பிடுங்குகிற தமிழ். முதல் வாரம் முழுக்க அவர் எங்களைக் கேலி செய்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மரியாதை எல்லாம் பேச்சில்தான். பிரஷர் பார்க்கிற விஷயத்தில் மனிதர் இரும்பு. ஆளை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது, பாதம் தரையில் பட வேண்டும். வெற்றிலை, புகையிலை, சாயா எதுவும் அரை மணி நேரத்துக்குள் தொட்டிருக்கக் கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும். ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றினால் என்னைக் கொன்றுவிடுவார். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். எந்தக் கையில் முதலில் பார்த்தோமோ அதே கையில்தான் எப்போதும் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் மௌனம். அந்த ஆளும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது, அறையில் யாருமே பேசக்கூடாது.

அப்போது எங்களிடம் இருந்தது பாதரச மிஷின். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே பந்தை அமுக்குவேன். நாடி மறைகிற இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, காற்றை மெல்ல மெல்ல விடுவேன். பாதரசம் இறங்கும். முதல் 'டொக்' கேட்கிற இடம் மேல் எண், சத்தம் அடங்குகிற இடம் கீழ் எண். ஒருமுறை பார்த்தால் போதாது, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அந்தப் பாதரச மிஷின்களை எல்லாம் பிற்பாடு திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதரசம் விஷமாம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, அதைத் தூக்கிச் சுமந்த தோளுக்குத்தான் தெரியும்.

கொழுந்து எடுக்கிற பெண்களை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைப்பது இருக்கிறதே, யானையைக் குளிப்பாட்டிவிடலாம். ஒருத்திக்குத் தும்மல் வரும், ஒருத்திக்குச் சிரிப்பு வரும். ஒருத்திக்கு அடுப்பில் பருப்பு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வரும். "பேசாதீங்க, பேசாதீங்க" என்று டாக்டர் சொல்லச் சொல்ல அந்தப் பேச்சே பெரும் சத்தமாகிவிடும். இருந்தாலும் விடாமல், லயம் லயமாகப் போய்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் பார்த்தோம்.

பார்த்துவிட்டு நான் அசந்து போனேன். மூன்று பேரை உட்கார வைத்தால் ஏறக்குறைய ஒருவருக்கு பிரஷர். அவர்களில் பலருக்கு இருப்பதே தெரியாது. தலை சுற்றவில்லை, மயக்கமில்லை, காலையில் மலையேறி, சாயங்காலம் மலையிறங்குகிற ஜனம்.

"இவ்வளவு நடக்கிறவங்களுக்கு எப்படி டாக்டர்?" என்று கேட்டேன்.

"நடக்கறது நல்லதுதானுங்க சிஸ்டர். அதுக்காக உப்பும் பொகையிலயும் சும்மா உடுமுங்களா? வயசு, வம்சம், சாராயம், ஒடம்பு எடை, தூக்கமில்லாதது, எல்லாம் சேந்து வருதுங்க. மூணுல ஒருத்தர்னா என்னங்க அர்த்தம்? நம்ம அந்த மத்த ரெண்டு பேருன்னு ஒவ்வொருத்தரும் நெனைச்சுட்டு இருக்கறாங்கன்னு அர்த்தமுங்க" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மனதுக்குள் நான் அந்த மற்ற இரண்டு பேரில்தான் இருந்தேன்.

எங்கள் ஜனங்கள் பிரஷர் பார்ப்பதைப் பரீட்சை ஆக்கிவிட்டார்கள். மாதம் முழுக்க மாத்திரையைத் தொடமாட்டார்கள். நாங்கள் வருகிற அன்று காலையில் மட்டும் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து உட்காருவார்கள். அளவு குறைவாக இருந்தால் 'பாஸ்' என்று லயம் முழுக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரி 'பெயில்' என்றால் அவளுக்குத் தன் மாத்திரையிலிருந்து இரண்டைக் கொடுத்து உதவுவார்கள். அவ்வளவு நல்ல மனசு!

இந்தப் பரீட்சையில் ஆள் மாறாட்டம் செய்தவர் செல்லத்துரை.

செல்லத்துரை ஜீப் டிரைவர். விடிந்ததும் லயத்துப் பெண்களை ஏற்றி, வளைவும் பள்ளமுமான பாதையில் ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். பின்னால் அத்தனை பெண்களும் ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய மனைவி ராசாத்தியும் அதில் ஒருத்தி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் செல்லத்துரையின் இரண்டு கைகள். அந்த மனிதருக்கு நான் முதன்முதலாகப் பார்த்தபோது இருநூறுக்கு நூற்றிருபது. இரண்டாம் முறையும் கிட்டத்தட்ட அதேதான்.

"மிஷினு ரிப்பேரு சிஸ்டரு" என்றார், கொஞ்சமும் கலங்காமல். "எனக்கு ஒண்ணும் செய்யல. ஒரு தலவலி உண்டா, ஒரு காய்ச்சல் உண்டா?"

டாக்டர் மாத்திரை கொடுத்து, அளவு இறங்கும்வரை ஜீப்பைத் தொடக்கூடாது, அடுத்த வாரம் மறுபடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மனிதர் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் போய் ஜீப்பை எடுத்தார்.

அடுத்த வாரம் சொன்னபடி வந்தார். குரங்குக் குல்லாய், அதற்கு மேல் மப்ளர். குளிர்கால மலையில் அது எல்லோரும் போடுகிற வேஷம்தான். செல்லத்துரை என்று பெயர் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து "ஆரம்பிக்கலாமுங்க, பேசாதீங்க" என்றார். நான் ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, வலது கையில் பட்டையைச் சுற்றினேன். சுற்றியதும் என் கை நின்றுவிட்டது.

ஜீப் ஓட்டுகிறவனுடைய வலது கை ஜன்னலுக்கு வெளியே கிடந்து வெயிலில் கருத்துப் போயிருக்கும், இடது கை வெளுப்பாக இருக்கும். போன வாரம் நான் சுற்றிய கை அப்படித்தான் கருகியிருந்தது. இந்தக் கையோ, நிழலிலேயே வளர்ந்த கை. இன்னொரு கையைப் பார்த்தேன், அதே நிறம்.

சொல்லலாம் என்றால் மௌன நேரம்! டாக்டர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கண்ணைக் காட்டுகிறேன், அவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் முட்டுகிறது. இந்த ஆளுக்கு என் முகத்தைப் பார்த்து வியர்க்கிறது. அந்த நேரம் பார்த்து ராசாத்தி கதவைத் திறந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, கொழுந்தனாரே! நீங்க எப்ப குமுளியில இருந்து வந்திய? எங்க வீட்டுக்காரருக்குப் பதிலா நீங்க ஏன் உக்காந்திருக்கிய?"

டாக்டர் எழுந்தே விட்டார். நான் அடக்கி வைத்திருந்த சிரிப்பு முழுவதும் வெடித்து, ஸ்டெதாஸ்கோப் கீழே விழுந்தது. ஆள், செல்லத்துரையின் தம்பி தங்கத்துரை. குமுளி பஜாரில் தையல்காரர். அண்ணன் போன் போட்டு, "உனக்குத்தான் ஒரு நோயும் இல்லையேலே, ஒருக்கா வந்து கையக் குடுத்துட்டுப் போ" என்று அழைத்திருக்கிறார்.

டாக்டர் கோபப்படவில்லை. "வந்ததே வந்துட்டீங்க, பாத்துட்டே போங்க" என்று மறுபடி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். நான் பார்த்தேன். நூற்றெண்பத்தாறுக்கு நூற்றெட்டு. இன்னொரு முறை பார்த்தேன். நூற்றெண்பத்து நாலு.

"ஏனுங்க, ஆளு மாறியும் பிரஷர் மாறலீங்களே!" என்றார் டாக்டர்.

நோயில்லாத ஆள் என்று வரவழைக்கப்பட்ட தங்கத்துரை நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குள் சத்தம் கேட்டு, வெளியே சாயாக்கடையில் ஒளிந்திருந்த செல்லத்துரையும் வந்துவிட்டார். டாக்டர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"உங்க அப்பா இருக்கறாருங்களா?"

"இல்ல சார்" என்றார் தங்கத்துரை. "வாயு பிடிச்சு எறந்துட்டாரு. தோட்டத்துல நின்னுக்கிட்டே இருந்தவரு அப்படியே சரிஞ்சாரு. வாய் கோணிப் போச்சு, ஒரு பக்கம் விளங்காமப் போச்சு. அண்ணன்தான் தோள்ல தூக்கிட்டு வந்தான்."

"அது வாயு இல்லீங்க" என்றார் டாக்டர் மெதுவாக. "இதுதானுங்க அது."

 செல்லத்துரை தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராசாத்தி கிட்டே போய், புருஷன் சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "டாக்டர் சொல்லுத வரைக்கும் இது எங்கிட்டதான் இருக்கும். பின்னால அத்தனை பொம்பளைய உக்காந்திருக்கோம்" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

பக்கத்து லயத்து டிரைவர் ஒருவர் ஜீப்பை ஓட்ட வந்தார். செல்லத்துரைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு கூடவே போனார். மாத்திரை ஒழுங்காகப் போட்டார். தங்கத்துரைக்குச் சட்டென்று இறங்கிவிட்டது. செல்லத்துரைக்கோ நூற்றெழுபதுக்கு வந்து அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்படியும் அசையவில்லை.

"ஊட்டுல உப்பு?" என்று கேட்டார் டாக்டர்.

"பாதியாக் கொறச்சுட்டேன் சார். கருவாடு இல்ல, அப்பளம் இல்ல. குழம்பைக் கசாயம்னு திட்டுதாக, நான் கேக்கவே இல்ல. மாத்திரைய வாயில போட்டு முழுங்குத வரைக்கும் நின்னு பாக்கேன்" என்றாள் ராசாத்தி.

"காய்கறி?"

"வயிறு முட்டத் திங்கேன் சார்" என்றார் செல்லத்துரை. "நீங்க சொன்னதுல இருந்து வட்டவடைக் கேரட்டுதான். கட்டுக் கட்டா வாங்கி வண்டியில போட்டுருக்கேன்."

டாக்டர் தலையைச் சொறிந்தார். இது சரியாகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ஜீப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். செல்லத்துரைக்கு அது காதில் விழாமலே புரிந்துவிட்டது. ஜீப் இல்லாத செல்லத்துரையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, பாவம்.

மழை நின்றும் நிற்காத ஒரு காலையில் ஏலத்தோட்டத்துக் குழந்தைகளுக்கு ஊசி போட நானும் அந்த ஜீப்பில் ஏறினேன். தோட்டம் நெருங்கியதும் செல்லத்துரை சீட்டுக்கு அடியிலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். ஏலக்காட்டில் மழை நாளில் கால் வைத்தால் அட்டைகள் சொந்தக்காரர்கள் மாதிரி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அதற்காகக் காலில் தேய்க்கவும், கடித்த அட்டையின் மேல் போடவும் எந்த ஜீப்பிலும் உப்பு இருக்கும். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். டின் கை மாறிப் பின்னால் போனது. ஆளுக்கு ஒரு பிடி அள்ளினார்கள், காலில் தேய்த்தார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. ஒருத்தி மடியிலிருந்து கொய்யாக்காயை எடுத்தாள், ஒருத்தி நெல்லிக்காயை எடுத்தாள், ஒருத்தி மாங்காயை எடுத்தாள். எல்லாம் அதே டின்னுக்குள் முங்கி முங்கி எழுந்தன. உப்பில் மிளகாய்த்தூள் வேறு கலந்திருந்தது! முன் சீட்டில் செல்லத்துரை கேரட்டை முக்குகிறார், கடிக்கிறார், முக்குகிறார், கடிக்கிறார். என் கையில் யாரோ ஒரு துண்டு மாங்காயைத் திணித்தார்கள். நானும் முக்கி வாயில் போட்டேன். நாக்கில் உப்பு பட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது.

"நிறுத்துங்க வண்டிய!" என்று நான் கத்திய கத்தில் டிரைவர் உண்மையான பிரேக்கையும் செல்லத்துரை இல்லாத பிரேக்கையும் ஒன்றாக மிதித்தார்கள்.

"உப்பைக் கொறச்சாச்சுன்னு சொல்லிட்டு இப்படித் திங்கிறீங்களே!"

"எங்க தின்னேன்?" என்றார் செல்லத்துரை, வாய் நிறையக் கேரட்டோடு. "இது அட்டை உப்பு சிஸ்டரு. காய்கறி தின்னச் சொன்னது டாக்டருதான!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. பொய் சொல்லவில்லை அந்த மனிதர். எங்களில் யாருமே சொல்லவில்லை. சமையலறையில் இருப்பது உப்பு, ஜீப்பில் இருப்பது அட்டைக்கு வைத்த மருந்து. அதையும் சேர்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றியதே இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் காலை அவரே ஜீப் நிற்கிற இடத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அந்த டின்னை வாங்கிப் பார்த்தார்.

"அட்டைக்கு உப்பு வேணுமுங்க, நான் வேண்டாங்கல. ஆனா அட்டை மட்டுந்தான் திங்கோணும். என்ன செய்யலாமுங்க?" என்றார்.

ராசாத்தி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து, டின்னுக்குள் கவிழ்த்து, ஒரு குச்சியால் கிளறிவிட்டாள். பெண்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே! "நாசமாப் போறவளே, என் நெல்லிக்காயிக்கு இனி என்னடி செய்வேன்?" என்று ஒருத்தி அழாத குறை. செல்லத்துரை கையில் பாதி கேரட்டோடு டின்னைப் பார்த்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கேரட்டை வெறுமனே கடித்தார், முகத்தைச் சுளித்தார், முழுங்கினார்.

ஒரு மாதம் போனது. கடைசிப் பரீட்சை நாள் வந்தது. இறங்கினால் சாவி, இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி. செல்லத்துரை குளித்து, திருநீறு பூசி, குல்லாய் இல்லாமல் வந்து உட்கார்ந்தார். வலது கையை அவரே நீட்டினார். ஜன்னல் வெயில் படாமல் அந்தக் கை கொஞ்சம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே ஜீப்புப் பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள். ராசாத்தி நடுவில், முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு. இருமல் இல்லை, தும்மல் இல்லை, யாருடைய அடுப்பிலும் பருப்பு இல்லை. அந்த லயத்துப் பெண்கள் முழு ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் நின்றதை நான் ஒருமுறைதான் பார்த்தேன், அது அன்றைக்குத்தான்.

பந்தை அமுக்கினேன். பாதரசத்தை இறக்கினேன். நூற்றெழுபதில் சத்தமில்லை. நூற்றைம்பதில் சத்தமில்லை. இன்னும் இறக்கினேன். நூற்று முப்பத்தாறில் 'டொக்'. கீழே எண்பத்து நாலு. இரண்டாம் முறை நூற்று முப்பத்து நாலு. சீட்டில் எழுதி டாக்டருக்குக் காட்டினேன்.

"சாவியக் குடுத்துருங்க அம்மிணி" என்றார் டாக்டர் வாசலைப் பார்த்து.

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் மருந்து அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. செல்லத்துரை சாவியை வாங்கியவர் ஜீப்புக்குப் போகவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "அப்பனையும் இப்படி உக்கார வச்சிருக்கலாமே சார்" என்றார். டாக்டர் அவர் தோளைத் தட்டி, "நாளைக்கும் மாத்திரை போடோணுமுங்க, நாளான்னிக்கும் போடோணுமுங்க, பாஸாயிட்டோம்னு உட்டறாதீங்க" என்றார்.

டாக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றாயிற்று. செல்லத்துரை இன்னும் ஓட்டுகிறார், வளைவுக்கு வளைவு நிதானமாக.

குமுளி பஸ் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன வாரம் நம் பழைய மையத்துக்குப் போனேன். புதிதாக வந்த நர்ஸ் பெண் கேட்டுச் சிரித்துவிட்டு, "சேச்சி, ஒருக்கா உங்களுக்கும் பாத்துரலாம்" என்றது. நானும் வீறாப்பாக உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் வாயைக் கட்டினேன். நூற்றறுபத்து நாலுக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டாம் முறை நூற்றறுபத்திரண்டு.

"மிஷின் ரிப்பேர்" என்றேன் நான்.

வீட்டுக்கு நடந்து வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. வாசலில் ஜீப் நிற்கிறது. செல்லத்துரையும் ராசாத்தியும் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ராசாத்தி கையில் ஒரு மண்ணெண்ணெய் பாட்டில். இந்தக் காலத்தில் அதை எங்கே பிடித்தார்களோ தெரியவில்லை.

"மாங்கா ஊறுகாச் சாடிய எடுத்துட்டு வாங்க சிஸ்டர்" என்றாள் ராசாத்தி.

நான் போட்ட ஊறுகாய். பார்த்துப் பார்த்து வெயிலில் வைத்து எடுத்தது. சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா நியாயத்தையும் பேசினேன். வயது, வம்சம், பஸ் அலைச்சல், மகள் வீட்டுச் சமையல், எல்லாவற்றையும் இழுத்தேன். ராசாத்தி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியாக, ஊற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு துண்டாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

செல்லத்துரை வீட்டுக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து என் முன்னால் போட்டார்.

"அஞ்சு நிமிசம் பேசாம உக்காருங்க சிஸ்டரு" என்றார்.